கறுத்த தகரத்தின் சத்தம்

வவுனியா ஸ்டேசனில் இறங்கியபோது என் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. கொழும்பிலிருந்து அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடியே வந்திருந்தேன். மேல்தட்டில் வைக்க மனம் வரவில்லை. கீழே வைத்தால் யாராவது கால் வைப்பார்கள். எதிரே இருந்த ஐயா அனுராதபுரம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பிள்ளை, உதுக்குள்ள என்ன, பூனையோ?”

“மெசின் ஐயா. உடம்புக்குள்ள பாக்கிறது.”

“அப்ப ஸ்கான் எண்டு சொல்லும். என்ர முழங்காலையும் ஒருக்காப் பாரும்,” என்று வேட்டியை உயர்த்திக் காலை நீட்டினார். பக்கத்து இருக்கைகள் எல்லாம் சிரித்தன.

நான் இப்போது வசிக்கும் நெதர்லாந்தில், எங்கள் ஊர் வழக்கில் ஒல்லாந்தில், ரெயினில் யாரும் யாருடனும் கதைப்பதில்லை. தினமும் எனக்கு எதிரே உட்காரும் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போன ஒன்று. ஆனாலும் ஐயாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, “தேய்மானம்தான் ஐயா, பயமில்லை,” என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் மருத்துவர் அல்ல, இரசாயனம் படித்தவள். உடம்புக்குள் செலுத்தும் சாயங்கள் செய்வது என் வேலை.

சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறது. அது தோலைக் கடந்து சதைக்குள் ஓரளவு ஆழம் வரை போகும். அங்கே அதை உறிஞ்சும் சாயம் இருந்தால், சாயம் ஒரு கணம் சூடாகி, விரிந்து, சத்தம் போடும். காதுக்கு எட்டாத சத்தம். மெசின் அதைக் கேட்டு, எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் படம் வரையும். நான் ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய சாயங்களை இதுவரை எலிகள்தான் கண்டிருக்கின்றன. மனிதருக்குக் கொடுக்க அனுமதி உள்ள பழைய சாயம் ஒன்றைத்தான் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன்.

இதை அம்மாவுக்குப் போனில் விளங்கப்படுத்தியது ஞாபகம் இருக்கிறது. அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். “எங்கட வீட்டுக் கூரைத் தகரம் வெயில் ஏறேக்க டிக் டிக் எண்டு சத்தம் போடுமெல்லோ அம்மா? அதுதான் இது,” என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “குசினித் தகரம்தான் கூடச் சத்தம் போடும். தார் பூசினது,” என்றார்.

“ஓம், கறுத்தது வெயிலைக் கூடக் குடிக்கும். அதுதான் கூடச் சத்தம்.”

பிறகு ஒல்லாந்தில் ஒரு கருத்தரங்கில் இந்தத் தகர உதாரணத்தைச் சொன்னேன். கைதட்டினார்கள். என் பேராசிரியர் அதைத் தன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்தப் பயணத்துக்கான திட்டத்தில் ‘வடக்கில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்கள்’ என்று எழுதியிருந்தேன். மனதில் இருந்தது ஒரே ஒரு கை. அம்மாவின் வலது கை. புற்றுநோய்க்காக அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின், கையில் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அது வீங்கத் தொடங்கியது. இப்போது அரிசி நிரப்பிக் கட்டிய பை மாதிரித் தொங்குகிறது. சின்னக் கீறல் பட்டால் போதும், காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வாட்டில் கிடப்பார். கடைசிக் காய்ச்சலில் கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் உறுதி சொல்ல முடியாது என்று வைத்தியர்கள் என்னிடம் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறார். உயிரோடு இருக்கும் நிணநீர்க் குழாயைப் பக்கத்து இரத்த நாளத்தோடு தைத்து, நீருக்குப் புது வழி காட்டுவது அவருடைய வேலை. வயலில் மேட்டு வாய்க்காலை வெட்டிப் பள்ள வாய்க்காலில் விடுவது மாதிரி. அவர் என்னிடம் ஒரு நிபந்தனைதான் சொன்னார்: “எந்தக் குழாய், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று படம் கொண்டு வா. படம் இல்லாத கையை நான் வெட்ட மாட்டேன்.”

அந்தப் படத்துக்காகத்தான் வந்தேன்.

வவுனியாவில் ஒரு நாள் முழுக்க அனுமதிக் கடிதங்களுக்கு முத்திரை குத்துவதில் போனது. ஒரு மேசையில் இருந்த உத்தியோகத்தர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். “இவ்வளவுதானா? டீவி மாதிரிப் பெருசா இருக்கும் எண்டு நினைச்சன்,” என்று ஏமாற்றத்தோடு முத்திரையைக் குத்தினார். மத்தியானம் ஸ்டேசன் பக்கத்துக் கடையில் சோறும் பருப்பும் பாகற்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். ஒல்லாந்தில் மத்தியானச் சாப்பாடு என்பது பாணுக்குள் வைத்த ஒரு துண்டுச் சீஸ். அதை நின்றபடி தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே சர்வர் என் இலையைப் பார்த்துவிட்டு, “அக்கா சோத்தோட கோவமோ?” என்று கேட்டு இன்னொரு அகப்பை போட்டார்.

அடுத்த நாள் பஸ்சில் எனக்குப் பக்கத்தில் அகலச் சரிகைச் சேலையுடன் ஒரு அம்மா இருந்தார். தாண்டிக்குளம் கடந்ததும் தொடங்கினார்.

“தங்கச்சி எவடம்?”

“மாங்குளம்.”

“மாங்குளத்தில எவடம்?”

குடியேற்றத்தின் பெயரைச் சொன்னேன்.

“ஓ… அங்காலயோ,” என்றார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ‘ஓ’வைத் தெரியும். “எங்கட வயலுக்கும் அங்கால இருந்துதான் களை பிடுங்க ஆக்கள் வாறவை. நல்ல ஆக்கள்.”

“ஓம். என்ர அம்மாவும் வந்திருப்பா. இப்ப அவாவுக்குக் கை ஏலாது.”

அவர் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் ஒதுக்கினார். பிறகு பெட்டியைப் பார்த்தார். “உது ஆற்ற?”

“ஒல்லாந்துப் பல்கலைக்கழகத்தின்ர. நான் அங்க ஆராய்ச்சி செய்யிறன்.”

“நீரோ?”

“நான்தான்.”

அதற்குப் பிறகு அவர் என்னை ‘தங்கச்சி’ என்று கூப்பிடவில்லை. ‘மிஸ்’ என்றார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

புளியங்குளத்தில் பஸ்சின் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் வரும்வரை சந்திக் கடையில் எல்லோரும் பிளேன்ரீ குடித்தோம். வடை ஆறிப்போய் எண்ணெய் கக்கியது. “மிஸ், உங்கட மெசினால பஸ்சுக்கு என்ன வருத்தம் எண்டு பாக்க ஏலாதோ?” என்று கண்டக்டர் கேட்டார். டிரைவர் பஸ்சுக்கு அடியில் படுத்தபடியே, “முதல்ல உன்ர மண்டைக்குள்ள ஏதும் இருக்கோ எண்டு பாக்கச் சொல்லு,” என்றார். எங்கள் ஊரில் பஸ் பழுதானால் பயணிகள் உறவினர் ஆகிவிடுகிறார்கள். ஒல்லாந்தில் எல்லோரும் கைக்கடிகாரம் பார்ப்பார்கள்.

வீட்டில் அம்மா ஜப்பான் மீன் குழம்பு வைத்திருந்தார். குளத்து மீன், இடது கையாலேயே செதில் உரித்துச் சமைத்திருந்தார். வலது கையில் விரல் அடியிலிருந்து தோள் வரைக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான உறை. அதன் மேல் முந்தானையை இழுத்து விட்டிருந்தார்.

“கையைக் காட்டுங்கோ அம்மா.”

“நாளைக்கு மெசினில பாரன் புள்ள. இப்ப சாப்பிடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வருத்தம் வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்காகச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க என் படங்கள். பட்டமளிப்பில் ஒன்று, விமான நிலையத்தில் ஒன்று, பனியில் நடுங்கியபடி ஒன்று. என் தம்பி சேகருக்குப் படம் இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், ஒரு தறப்பாள் கொட்டிலில், காய்ச்சலில் செத்துப்போனான். பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. பிறப்புப் பத்திரம், உடுப்பு, எல்லாம் வழியில் போய்விட்டன. ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா தன் வலது முன்கையில் அவன் பெயரைப் பச்சை குத்திக்கொண்டார். சின்ன எழுத்து. மூன்றே எழுத்து. அம்மாவுக்குத் தெரிந்த எழுத்தும் அவ்வளவுதான். ரோட்டில் போகும்போது ஏதாவது பலகையில் அதில் ஒன்றைக் கண்டால், “இந்தா, சேகர்ட எழுத்து,” என்று காட்டுவார்.

அந்தப் பச்சை என் கணக்கில் இருந்தது. மங்கிய, இரண்டு விரல் அகலமான அடையாளம், கையின் வெளிப்பக்கம். குழாய்கள் பெரும்பாலும் உட்பக்கமாக ஓடும். அதைச் சுற்றிப் போய்விடலாம் என்று வரைபடத்தில் கோடு கீறியே வைத்திருந்தேன்.

காலையில் வெயில் ஏறியதும் தகரம் சத்தம் போடத் தொடங்கியது. சமையல் செய்யும் குசினிப் பக்கம் கூடுதலாக. பல்லுத் தீட்டியபடி நின்று கேட்டேன். என் முழு ஆராய்ச்சியும் இந்தக் கூரைக்குக் கீழே தொடங்கியது என்று ஒரு நாள் எங்காவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கிளிநொச்சிக்குக் குமார் அண்ணையின் ஓட்டோவில் போனோம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் போக அவர் சம்மதிக்கவில்லை.

“நேரம் போகுது அண்ணை.”

“பிள்ளையாரைத் தாண்டிப் போய்ப் பெல்ட் அறுந்தா நீங்களோ தள்ளுறது?” என்று கேட்டுவிட்டு மெசினுக்காக ஒரு தேங்காய் உடைத்தார். சரிபாதியாக உடைந்தது. பாதியைக் கையில் தூக்கி வந்து காட்டினார். “வடிவா உடைஞ்சிருக்கு. படம் தெளிவா வரும் பாருங்கோ.”

அம்மா இடது கையால் கண்களைத் தொட்டுக் கும்பிட்டார். மூன்று பேரும் கச்சான் கடலை உடைத்துத் தின்றபடி போனோம். ஓட்டோ முழுக்கக் கோது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு சின்ன அறை தந்திருந்தார்கள். ஊசி போடுவதற்கு வசந்தி டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான், வேகமாகக் கதைப்பார். முதலில் வந்தவர் தவமணி அக்கா. முள்ளிவாய்க்கால் பக்கம், கணவரோடு சேர்ந்து கரைவலை இழுத்தவர். அம்மாவைப் போலவே வீங்கிப்போன கையால் இப்போது கயிறு பிடிக்க முடியாது.

வசந்தி டொக்டர் விரல்களுக்கு நடுவே சாயத்தை ஏற்றினார். கரும்பச்சை நிறத்தில் ஒரு துளி. நான் மெசினின் முனையைக் கையின் மேல் மெதுவாக நகர்த்தினேன். திரையில் முதலில் புள்ளி, பிறகு கோடு, பிறகு பிரிந்து ஓடும் இரண்டு கோடுகள். உயிரோடு இருக்கும் குழாய்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும் காட்சி அது.

“ஐயோ, இதென்ன, நண்டு நடந்த தடம் மாதிரி,” என்றார் தவமணி அக்கா. “டொக்டர் பிள்ளை, என்ர கைக்குள்ள நண்டு ஓடுதோ?”

“நல்ல நண்டு அக்கா. இதைப் பிடிச்சுத்தான் தைக்கப் போயினம்.”

“தைச்சா வலை இழுக்கலாமோ?”

“கொஞ்சம் கொஞ்சமா.”

“அந்தாளுக்குச் சொல்லாதேங்கோ. இப்பதான் அவர் சமைக்கப் பழகினவர்,” என்றார். வசந்தி டொக்டர் சிரித்ததில் ஊசியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

பிறகு அம்மா. கதிரையில் உட்கார்ந்து உறையைக் கழற்றத் தொடங்கினார். தோளிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கீழே இறக்கினார். முழங்கை வந்தது. அதற்குக் கீழே கறுப்பு.

பழைய மங்கிய எழுத்துகள் அங்கே இல்லை. அவற்றின் மேல், பெரிதாக, தடித்த கறுப்பில், புதிதாக ‘சேகர்’. இரண்டு பக்கமும் இலைகள். இலைகளிலிருந்து ஒரு கொடி கிளம்பிக் கையைச் சுற்றி உட்பக்கமாகப் போய், மறுபக்கத்தால் வந்து பெயரைத் தொட்டது. உள்ளங்கை அகலத்துக்கு, காப்பு மாதிரி, முன்கையை முழுதாக வளைத்த ஒரு பட்டை.

“எப்ப அம்மா?”

“மாசியில. கோயில் திருவிழாவுக்கு மெசினோட ஒரு பொடியன் வந்தவன். பழசு மங்கிப்போச்செல்லோ.” அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. இரகசியத்தை வெளியே விட்ட மகிழ்ச்சி. “நீதானே சொன்னனீ, கறுத்தா கூடச் சத்தம் போடும் எண்டு. மெசினுக்கு நல்லாக் கேக்கட்டும் எண்டுதான். பேரை மட்டும்தான் கேட்டனான். சேகர்ட கதையைச் சொல்ல அந்தப் பொடியன் அழுதிட்டான். கொடியைச் சும்மா போட்டுத் தந்தவன்.”

வசந்தி டொக்டர் குனிந்து பட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வீங்கிய கையில் பச்சை குத்தியதே ஆபத்து. ஒரு காய்ச்சலும் வராமல் அது ஆறியதே பெரிய விசயம். அதை அப்போது சொல்லி என்ன பயன்? சாயத்தை ஏற்றினோம். முனையை மணிக்கட்டில் வைத்தேன். கோடு ஒன்று தெரிந்தது. மெல்லியது, ஆனால் நேரானது. உயிருள்ள குழாய். அது மேலே போனது. நான் பின்தொடர்ந்தேன். பட்டையைத் தொட்டதும் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

பச்சை குத்தும் மையில் இருப்பது கரி. கரியைப் போல ஒளியைக் குடிக்கும் பொருள் வேறு இல்லை. என் சாயம் கிசுகிசுக்கும் இடத்தில் அது கத்தும். அதோடு, எல்லா ஒளியையும் மேலேயே அது குடித்துவிட்டால் கீழே இருக்கும் குழாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. ஒளியைக் குறைத்தேன். மெசினில் இருந்த மற்ற ஒளிக்கு மாற்றினேன். சாய்த்து வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன், இலைகளுக்கு நடுவே இருந்த சின்னச் சின்ன இடைவெளிகளில் வைத்தேன். வெள்ளை, அதற்குக் கீழே இருட்டு. பட்டைக்கு மேலே போய்ப் பார்த்தோம். அங்கே இன்னொரு ஊசி போட்டும் பார்த்தோம். சாயம் ஈரச் சுவரில் பரவும் கறை மாதிரித் தோலுக்குள் படர்ந்தது. குழாய் இல்லை. அம்மாவின் கையில் தைக்கக்கூடிய இடம் ஏதாவது மிஞ்சியிருந்தால், அது அந்தக் கொடிக்குக் கீழேதான்.

வசந்தி டொக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இதை வைத்து ஏதாவது அனுப்பலாமா என்று. அனுப்பலாம், ஆனால் அவர் வெட்ட மாட்டார் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் எந்தப் பாசையில் கதைத்தாலும் அம்மா முகத்தை வாசிப்பார்.

“புள்ள, கேக்கலையா?” என்றார். பயந்தால் அம்மாவின் பேச்சு மலைக்குத் திரும்பிவிடும்.

“கேக்குது அம்மா. அது மட்டும்தான் கேக்குது.”

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எடுத்த துண்டுகளை எல்லாம் சேர்த்து மேலிருந்து பார்க்கும் படமாகத் திரையில் போட்டேன். பயிற்சியில் கை தானாகச் செய்யும் வேலை அது. கறுப்புப் பின்னணி. நடுவே வெள்ளையாக, ஒவ்வொரு கோடும் கூர்மையாக, தம்பியின் பெயர். நான் இதுவரை எடுத்த படங்களில் அவ்வளவு தெளிவான படம் இல்லை.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார். இடது சுட்டுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார். “சே… க… ர்,” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “இது அவன்ட சத்தமா?”

நான் மெசினின் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் காலையில் தின்ற கச்சானின் கோது இன்னும் கிடந்தது. குமார் அண்ணை கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, முறிகண்டியில் தானாகவே நிறுத்தாமல் போனார்.

மறுநாள் காலையில் எழும்பியபோது அம்மா பாயில் இல்லை. கிணற்றடியில் இருந்தார். வாளிக்குப் பக்கத்தில் பிழிந்த தேசிக்காய்ப் பாதிகள், ஒரு சிரட்டையில் உப்பு. தேங்காய்ப் பொச்சால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொடியின் ஓரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது.

ஓடிப்போய்ப் பொச்சைப் பறித்தேன். கத்தினேன். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன.

“நீ எவ்வளவு தூரத்தில இருந்து கொண்டுவந்த மெசின்,” என்றார் அம்மா. அழவில்லை. கணக்குச் சொல்லும் குரல். “எல்லாற்ற கையிலயும் வேலை செய்யுது. என்ர கையில மட்டும் உன்னைக் கெடுத்திட்டன். அவன் போனவன்தானே புள்ள. நீ இருக்கிறாயெல்லோ.”

“இது தேய்ச்சுப் போறதில்லை அம்மா.”

“அப்ப எப்பிடிப் போகும்? கொழும்பில லேசரால எடுக்கிறாங்களாம் எண்டு குமார் சொன்னவன்.”

ஓம், எடுக்கிறார்கள். என் மெசினின் ஒளிக்கு உறவுக்கார ஒளிதான் அதுவும். கரியை ஒரே அடியில் அளவுக்கு மேல் சூடாக்கித் தூளாக்கிவிடும். இதை விளங்கப்படுத்தினேன். இந்தத் தடவை தகரக் கதை சொல்லவில்லை.

“தூளானா எங்க போகும்?”

“நிணநீர் எடுத்துக்கொண்டு போகும். அக்குள் பக்கம்.”

அம்மா யோசித்தார். “அங்கதான் எல்லாத்தையும் எடுத்திட்டாங்களே. தண்ணி போகவே வழியில்லை. அவன் எப்பிடிப் போவான்?”

கிணற்றடியில் நின்று, கொதித்தாறிய தண்ணீரால் அம்மாவின் கையைக் கழுவி, மருந்து பூசினேன்.

இருந்தும் கொழும்பில் ஒரு தோல் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். படத்தை அனுப்பினேன். அவர் நிதானமான மனிதர், சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறிச் சொன்னார்: அந்தக் கையில் லேசர் வைக்கக் கூடாது, புண் ஆறாது, காய்ச்சல் வரும், அடுத்த காய்ச்சலுக்குத்தானே நீங்கள் பயப்படுகிறீர்கள்? ஒல்லாந்து நிபுணருக்கும் எழுதினேன். கெஞ்சித்தான் எழுதினேன், அப்படி நான் யாருக்கும் எழுதியதில்லை. பின்னேரம் பதில் வந்தது. தவமணி அக்காவின் படத்தைப் பாராட்டியிருந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வரி: மன்னிக்கவும், பார்க்க முடியாத இடத்தில் என்னால் கத்தி வைக்க முடியாது. அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அம்மாவுக்குச் சொன்னேன். “சரி,” என்றார். “தவமணிக்குச் செய்வாங்கள்தானே?”

“ஓம்.”

“அவள் பாவம். கடல் வேலை.” பிறகு, “உன்ர மெசின் நல்ல மெசின்,” என்றார்.

புறப்படும் நாளில் மாங்குளம் சந்திவரை அம்மாவும் வந்தார். பஸ்சுக்கு நேரம் இருந்தது. அம்மா தயங்கித் தயங்கி ஒரு காரியம் கேட்டார். அந்தத் திரையில் தெரிந்ததைப் படமாக அடித்துத் தர முடியுமா?

சந்தியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கலியாணப் படங்கள் மாட்டிய சின்னக் கடை. மேசையில் இருந்த பெண் என் போனிலிருந்து படத்தை எடுத்துக் கொம்பியூட்டரில் பெரிதாக்கினார். அறையிலிருந்த வெளிச்சத்தில் கறுப்பு நல்ல கறுப்பாக இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து திரும்பினார்.

“ஸ்கான் படமெல்லோ? பிள்ளையோ அக்கா?”

என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே அம்மா சொன்னார்.

“ஓம். பொடியன்.”

“இப்ப ஸ்கானிலயே பேரும் போட்டுத் தாறாங்களோ? நல்ல வசதி.” அவர் ஓரங்களை வெட்டினார். “லமினேட் பண்ணவோ அம்மா? தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது.”

“பண்ணுங்கோ.”

சூடான பிளாஸ்டிக்கோடு அது வெளியே வந்தது. அம்மா பழக்கத்தில் வலது கையை நீட்டினார். உறைக்கு வெளியே தெரிந்த விரல்கள் அட்டையைச் சுற்றி மடங்கவில்லை. அது நழுவி மேசையில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன்.

“விடு,” என்றார் அம்மா. இடது கையால் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

பஸ் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தேன். அம்மா ரோட்டோரத்தில் வெயிலில் நின்றார். ஒரு கையில் படம் இருந்தது, மற்றக் கையைத் தூக்க முடியாது. அதனால் எனக்குக் கைகாட்டவில்லை.